கிட்டாரின் தேய்மானத்துக்கு வண்ணம் அடிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சரஸ்வதி பூசையும் தீபாவளியும் அடுத்தடுத்து வரும் நாள்களில் நம் வீட்டு மின்கிட்டார்கள் படும் பாடு கொஞ்சமல்ல. பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். வீட்டைத் துடைக்கும்போது சன்னல் கண்ணாடிக்குத் தெளிக்கும் நீலத் திரவத்தாலேயே கிட்டாருக்கும் ஒரு துடைப்பு கொடுப்போம். அதன்பின் யாராவது ஒருவர், “பெயின்ட் எல்லாம் போயிடுச்சே, புதுசா அடிச்சிடலாமா?” என்பார். இந்த மூன்றில் பெருஞ்சேதம் மூன்றாவதால்தான். லேக்கர் பூச்சில் கை பட்டுத் தேய்ந்த இடம் பழுதே அல்ல என்பதையும், உண்மையான பழுது எங்கிருந்து வருகிறது என்பதையும் கிட்டார் செப்பனிடும் நாங்கள் இருவர் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எல்லா மின்கிட்டாரும் இப்படித் தேயாது. இன்று கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் இருப்பது பாலியுரேதேன் அல்லது பாலியெஸ்டர். அது இறுகும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலையாகப் பின்னிக்கொள்கின்றன. இறுகியபின் சாதாரணத் தின்னர் அதைக் கரைக்காது. பலமாக அடிபட்டால் சில்லாகப் பெயரும். கை உரசுவதால் எளிதில் தேயாது. நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் வேறு இனம். அதைக் கரைப்பானில் கரைத்துத் தெளிப்பார்கள். கரைப்பான் ஆவியாகிப் பறந்தபின் மிஞ்சுவதே பூச்சு. பின்னல் எதுவும் ஏற்படுவதில்லை என்பதால், நாற்பது ஆண்டு கழித்தும் அதே கரைப்பான் பட்டால் மறுபடி இளகும். சிறு பழுதைச் சுவடே தெரியாமல் சேர்க்க முடிவது இந்தக் குணத்தால்தான். கண்ட திரவமும் பட்டால் கெட்டுப்போவதும் இதே குணத்தால்தான்.

1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் ‘டூக்கோ’ என்ற பெயரில் கார்களுக்காக விற்ற பூச்சு இந்த இனத்தைச் சேர்ந்தது. கிட்டார் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய சிறப்பு வண்ணங்கள்கூட கார் வண்ணங்களே. ஃபியெஸ்டா ரெட் 1956 ஃபோர்ட் தண்டர்பர்டிலிருந்து வந்தது. லேக் பிளாசிட் புளூ காடிலாக்கிலிருந்து வந்தது. 1960-களின் இறுதியில் ஃபெண்டர் தடித்த பாலியெஸ்டருக்கு மாறியது. இன்னொரு கிட்டார் நிறுவனமான கிப்சனின் அமெரிக்கத் தயாரிப்புகளில் இன்றும் நைட்ரோதான்.

நன்றாக மெருகேற்றிய லேக்கர் பூச்சின் மொத்தக் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அதாவது ஓர் ஏ4 தாளின் கனம். அதன்மேல் வியர்த்த கை பத்து ஆண்டு உரசினால் தேயாமல் என்ன செய்யும்? வலக்கைக்காரர் என்றால் முன்கை படியும் மேல்விளிம்பு முதலில் போகும். பின்புறத்தில் பெல்ட் கொக்கி வட்டவட்டமாகக் கீறும். நெக்கின் (கிட்டாரின் கழுத்து) பின்னால் பெருவிரல் வழுக்கும் பாதை மங்கும். மேப்பிள் விரற்பலகை என்றால் முதல் சில ஃபிரெட்டுகளுக்கு (குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) இடையே சாம்பல் நிறத் திட்டுகள் விழும்.

இயல்பான தேய்மானத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மேலே உள்ள தெளிந்த லேக்கர் போகும், அடுத்து வண்ணம், அடுத்து அடிப்பூச்சு, கடைசியில் மரம். தெளிந்த லேக்கர் ஒளி பட்டுப் பட்டு மஞ்சளாகும். அதனால் வெள்ளைக் கிட்டார் வெண்ணெய் நிறமாகிறது, நீலம் பச்சைபோல் தெரிகிறது. தேய்ந்த இடத்திலும் தந்திகளுக்கு அடியில் உடலைக் கீறல் படாமல் காக்கும் பிக்கார்டு தகட்டைக் கழற்றினால் அதன் அடியிலும் பழைய நீலம் அப்படியே இருக்கும். ஓரங்கள் கூராக வெட்டியதுபோல் இருக்காது. நிறம் நிறமாகக் கரைந்து மரத்தில் முடியும். அந்த மரமும் வியர்வையும் அழுக்கும் ஊறிக் கருத்திருக்கும்.

அயர்லாந்துக் கலைஞர் ரோரி கேலகரின் 1961 ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் கருக்கும் சன்பர்ஸ்ட் வண்ணத்தில் பெரும்பகுதி போய் மொட்டை மரமாக நிற்கும் கிட்டார் அது. 2024-ல் லண்டனில் ஏலம் போனபோது எட்டு லட்சம் பவுண்டுக்கும் மேல் விலை கிடைத்தது. நம் வீட்டுக் கிட்டார் அந்த விலைக்குப் போகாது, உண்மைதான். ஆனால் பழைய கிட்டார் வாங்கி விற்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: தொழிற்சாலைப் பூச்சை அகற்றி மறுபடி அடித்தால் விலை ஏறக்குறைய பாதியாகும். தேய்மானத்தை மறைக்கக் காசு கொடுத்து, அந்தக் காசாலேயே விலையையும் குறைத்துக்கொள்வதில் என்ன லாபம்?

தேய்மானத்தை விடுங்கள். கவலைப்பட வேண்டியவை வேறு.

பூசையிலிருந்தே தொடங்கலாம். நீரிலோ பன்னீரிலோ குழைத்த சந்தனத்தை லேக்கர்மேல் இட்டு இரவு முழுதும் விட்டால், ஈரம் புகுந்து வெளுத்த வட்டம் விழக்கூடும். தேய்ந்து மரம் தெரியும் இடத்திலும் நுண்வெடிப்பிலும் குங்குமமோ மஞ்சளோ இறங்கினால் எடுப்பது மிகக் கடினம். ஒட்டுப்பொட்டின் பசையும் பூச்சை இளக்கலாம். பொட்டு வைத்தே ஆகவேண்டும் என்றால், நெக்கை உடலோடு சேர்க்கும் பின்புற உலோகத் தகட்டில் வையுங்கள். பூசை முடிந்ததும் துடைத்துவிடலாம். நெக் ஒட்டப்பட்ட கிட்டாரில் அந்தத் தகடு இருக்காது. அதற்குப் பெட்டிமேல் பொட்டு வைத்தாலும் கலைமகள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கற்பூர ஆரத்தியைச் சற்றுத் தள்ளிக் காட்டுங்கள். நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துச் செய்ததுதான் பழைய செல்லுலாய்டு. அது எப்படிப் பற்றி எரியும் என்பது பழைய படச்சுருள்களைக் கையாண்டவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது துடைப்பு. கண்ணாடித் திரவத்தில் ஆல்கஹாலோ அம்மோனியாவோ இருக்கும். இரண்டுமே லேக்கருக்கு ஆகாது. கறை நீக்கும் வெள்ளைப் பஞ்சு உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி. பளபளப்பை ஒரே நிமிடத்தில் மங்கடித்துவிடும். மரச்சாமான் மெருகுத் தெளிப்பில் சிலிக்கோன் இருந்தால் அன்று பளிச்சென்றுதான் இருக்கும். பின்னாளில் அந்த இடத்தில் லேக்கர் தொட வேண்டி வந்தால், சிலிக்கோன் தங்கிய இடத்தில் பூச்சு ஒட்டாமல் மீன்கண்போல் குழிகுழியாக விலகும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சரியாக உலர்வதில்லை. பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, சிக்கு வாடை அடிக்கும்.

சரியான துடைப்பு எளிது. பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டித் துணியைவிட நல்ல துணி இல்லை. கஞ்சி போட்டதும் சரிகைக் கரை உள்ளதும் வேண்டாம். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். அழுக்கு படிந்திருந்தால் துணியை நீரில் நனைத்து இறுகப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். அதற்கும் போகாத பிசுக்குக்கு நாஃப்தா, அதாவது பஞ்சு வைத்த பழைய வகை லைட்டருக்கு ஊற்றும் திரவம். நன்றாக உலர்ந்த லேக்கரை அது கரைக்காது. துணியில் சில துளி விட்டால் போதும். காற்றோட்டமான இடத்தில், சாமி விளக்கும் அடுப்பும் எரியாத நேரத்தில் செய்யுங்கள். வெடிப்புகள்மேல் மட்டும் நீரோ நாஃப்தாவோ தேங்க விடாதீர்கள்.

கைச் சுத்திகரிப்பான் ஒரு புதிய எதிரி. அதில் எழுபது விழுக்காட்டளவு ஆல்கஹால் இருக்கிறது. ஈரம் காயாத கையோடு நெக்கைப் பிடித்தால் விரல் ரேகை அப்படியே பதியும்.

அதைவிட மோசம் கொசு விரட்டி. டெங்கிக்கு அஞ்சி முன்கையில் தடவுகிறோம். கிட்டாரின் மேல்விளிம்பில் படிவதும் அதே முன்கைதான். விரட்டிகளில் பரவலாக உள்ள ‘டீட்’ என்ற வேதிப்பொருள் பல பிளாஸ்டிக்குகளையும் லேக்கரையும் கரைக்கும். ஒரே மாலையில் பூச்சு பசைபோலாகிச் சட்டை இழை ஒட்டிக்கொள்ளும். இதைப் பார்த்து ‘தேய்மானம்’ என்று நினைக்கிறார்கள். இது தேய்மானம் அல்ல, கரைந்துபோனது. வாசிக்கும் முன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அல்லது நீளக்கைச் சட்டை அணியுங்கள். இகாரிடின் அடங்கிய விரட்டி பிளாஸ்டிக்கைத் தாக்குவதில்லை. புட்டியில் ஒட்டிய சீட்டைப் படித்து வாங்குங்கள். டெங்கியைவிட கிட்டார் பெரிதல்ல என்பதால், விரட்டியையே விட்டுவிடச் சொல்ல மாட்டோம்.

கிட்டாரை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டிலும் ஆபத்து உண்டு. கிட்டார் சாயும் இடத்தில் உள்ள ரப்பர், நுரை, வினைல் ஆகியவற்றில் மென்மைக்காகச் சேர்த்த பொருள் மெல்ல மெல்ல லேக்கருக்குள் இறங்கி அதை இளக்கும். சில வாரங்களிலேயே கறுத்த தழும்பு விழலாம். அந்த இடங்களில் பருத்தித் துணி சுற்றுங்கள். வினைல் தோள்வாரைப் பெட்டிக்குள் கிட்டார்மேல் சுருட்டி வைக்காதீர்கள்.

இனி நம் ஊர் காற்று. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காட்டளவு. விடியலுக்கு முன் தொண்ணூறைத் தாண்டும்; மழையில்லாத பிற்பகலில் அறுபதுக்கு வரும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறையில் இன்னும் குறையும், காலையில் அணைத்ததும் மறுபடி ஏறும். மரம் விரிந்து சுருங்கும் அளவும் லேக்கர் விரிந்து சுருங்கும் அளவும் ஒன்றல்ல. லேக்கர் வயதாக ஆக விறைக்கும். விறைத்தபின் மரத்தோடு சேர்ந்து நெளிய முடியாமல் மயிரிழைபோல் வெடிக்கும். கிட்டார்காரர்கள் இதைச் ‘செக்கிங்’ என்பார்கள். திடீர்க் குளிரும் திடீர் வெப்பமும் இதற்கு முக்கியக் காரணம். விமானத்தில் வந்த கிட்டார்ப் பெட்டியை வீட்டுக்குள் நுழைந்ததும் திறக்காதீர்கள். ஓர் இரவு மூடியே வைத்து மறுநாள் திறங்கள். குளிர்ந்த அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்வதானாலும் பெட்டியோடு எடுத்து, அரை மணி நேரமாவது கழித்துத் திறங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதுபோல் கிட்டார்மேலும் படியும்; அது வெடிப்புக்குள் இறங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் லேக்கர் இளகிப் பெட்டியின் பஞ்சுத் துணி அச்சு அதில் பதிந்துவிடும். பெட்டிக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்றும் திரும்பக் காயவைக்கக்கூடிய சிலிக்கா ஜெல்லும் வையுங்கள். 45 முதல் 55 விழுக்காடு போதும். அதற்கும் கீழே உலர்த்தினால் விரற்பலகை சுருங்கி ஃபிரெட் முனைகள் கையைக் கிழிக்கும்.

விழுந்துவிட்ட வெடிப்பை என்ன செய்வது? ஒன்றும் வேண்டாம். பூச்சு உறுதியாக ஒட்டியிருக்கும்வரை அதனால் கிட்டாருக்குக் கெடுதி இல்லை. ஓரம் தூக்கிக்கொண்டு உதிரத் தொடங்கினால் மட்டும் கைவையுங்கள். நகத்தால் கிள்ளக் கூடாது. பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து வரும். லேக்கரும் லேக்கர் தின்னரும் சம அளவு கலந்து, மிக மெல்லிய தூரிகை நுனியால் தூக்கிய ஓரத்தில் தொட்டால் அது தானாகவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அவசரத்துக்கு உடனடிப் பசை விடுகிறார்கள். அது மரத்தில் ஊறினால் கறுத்த கறை நிற்கும், திரும்ப எடுக்க முடியாது.

புதிய கிட்டாரில் கதவு நிலையில் இடித்துச் சில்லு பெயர்ந்திருந்தால் நிரப்பலாம். மெல்லியதாகக் கரைத்த லேக்கரை ஒரு துளி வைத்து, மூன்று நான்கு மணி நேரம் விட்டு அடுத்த துளி என்று ஐந்தாறு முறை, சுற்றியுள்ள பூச்சைவிடச் சற்று மேடாகும்வரை வையுங்கள். ஒரே பெரிய துளியாக வைத்தால் மேல்தோல் காய்ந்து, கரைப்பான் உள்ளே சிக்கிக் குமிழி விடும். பிறகு ஒரு மாதம் காத்திருங்கள். நம் ஈரக்காற்றில் அதற்குக் குறைந்தால் நம்ப முடியாது. அவசரப்பட்டுத் தேய்த்தால் அன்று சமமாக இருப்பது பின்னர் பள்ளமாகும். அதன்பின் சோப்பு நீரில் 1500, 2000 எண் உப்புத்தாள், கடைசியில் மெருகுப் பசை.

நெக் பிசுபிசுத்தால் முதலில் நாஃப்தாவால் துடையுங்கள். பெரும்பாலும் அது வியர்வையும் அழுக்கும்தான். அதற்கும் போகவில்லை என்றால் மேல்தோல் இளகியிருக்கிறது என்று பொருள். சாம்பல் நிற நைலான் தேய்ப்பான் கொண்டு பின்புறத்தை மட்டும் நீளவாக்கில் மெல்லத் தேயுங்கள். எஃகுக் கம்பளி வேண்டாம். அதன் தூள், தந்தியின் அசைவை மின் சைகையாக்கும் பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், இங்கே இரண்டு நாளில் துருவும் பிடிக்கும். இளகிய பூச்சின்மேல் புதிய லேக்கர் அடித்தால் அதன் கரைப்பான் கீழே உள்ளதை மேலும் இளக்கும்.

இப்போது “புதுசா அடிச்சிடலாமா?” என்ற கேள்விக்கு வருகிறோம். தீபாவளியை ஒட்டிப் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும், அடுத்து வடகிழக்குப் பருவமழையும் வரும். லேக்கர் தெளிக்க இது மிக மோசமான காலம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 30 டிகிரி செல்சியஸ், 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றில் பனி படியத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 26 டிகிரி. அதாவது பரப்பு நான்கே டிகிரி குளிர்ந்தால் போதும், ஈரப் பூச்சுக்குள் நீர் படிந்து பால்போல் வெளுத்துவிடும். அதைத் தடுக்க ஆவியாதலைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டரைத் தின்னரில் ஐந்து முதல் பத்து விழுக்காடு சேர்ப்பார்கள். கூடினால் பூச்சு வழியும், வாரக்கணக்கில் மென்மையாகவே இருக்கும். இலேசாக வெளுத்ததை ரிட்டார்டர் கலந்த தின்னரை மெல்லத் தூவி மீட்கலாம். அடியடுக்கில் வெளுத்திருந்தால் எல்லாவற்றையும் உரிக்க வேண்டியதுதான். தெளிக்கும் இடத்தில் ஈரப்பதம் 65-ஐத் தாண்டினால் நாங்கள் தெளிப்புத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் தீ. லேக்கர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். வீவக தாழ்வாரத்தில் நாலு வீடு தள்ளி அகல்விளக்கு வரிசையாக எரியும் நாளில் தெளிப்பான் டப்பாவை எடுப்பதை நினைக்கவே நடுங்குகிறது. மரம் தெரியும் நெக்கில் ஆளி விதை எண்ணெய் தடவுவோர் உண்டு. அது தவறில்லை. ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் உலரும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நீரில் முக்கி, விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 1995-ல் ஃபெண்டரின் சிறப்புத் தயாரிப்புப் பிரிவான கஸ்டம் ஷாப் ‘ரெலிக்’ என்ற பெயரில் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கிய கிட்டார்களை விற்கத் தொடங்கியது. கிப்சனும் 2021-ல் மர்ஃபி லேப் வரிசையோடு வந்தது. இவை வெளிப்படையாகச் சொல்லி விற்பவை, அதில் குறையில்லை. இரண்டாங்கைச் சந்தையில் ‘ஐம்பது வருடம் வாசித்தது’ என்று வருவதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். பூச்சு பாதி போயிருக்கிறது, ஆனால் ஃபிரெட்டுகளில் தந்தித் தடமே இல்லை, திருகாணித் தலைகள் புதிது என்றால் யோசியுங்கள். சவரத் தகட்டால் கீறிய வெடிப்புகள் ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் நேராக ஓடும். இயல்பானவை கிளைக்கும், நடுவில் நின்றுபோகும், ஒன்றோடொன்று முட்டும். முன்கையே எட்டாத இடத்தில் மரம் தெரிந்தால் கேட்கவே வேண்டாம். ‘நைட்ரோ என்றால் மரம் மூச்சுவிடும், ஒலி மாறும்’ என்ற பேச்சுக்கும் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். பிக்கப் கேட்பது தந்தியின் அசைவை.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் தொடங்கி இணையம்வரை கிட்டார் விற்பவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே: விலைச்சீட்டில் பூச்சின் பெயரையும் எழுதுங்கள். சில நவீன கிட்டார்களில் அடியில் பாலியெஸ்டர், மேலே மட்டும் நைட்ரோ. அவற்றில் தேய்மானம் கண்ணாடிபோன்ற அடிப்பூச்சில் வந்து நின்றுவிடும், மரம் தெரியாது. அதையும் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கிட்டாரின் பூச்சு எது என்று அறிய, பின்புறக் குழியின் மூடியைக் கழற்றி, உள்ளே வண்ணம் படிந்த மூலையில் அசிட்டோன் தொட்ட காதுக்குச்சிப் பஞ்சை சில விநாடிகள் வையுங்கள். பஞ்சில் வண்ணம் ஏறி, இடம் இளகினால் லேக்கர். அசையாமல் இருந்தால் பாலி. வெளிப்புறத்தில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்காதீர்கள்.

இப்படிக்கு,
கிட்டார் செப்பனிடும் வாசகர்கள் இருவர்,
சிராங்கூன்